பெட்டியில் எழுதியிருந்த பிட் கணக்கு

பழைய சீடி பிளேயர்களை விலைக்கு எடுக்கலாமா என்று கேட்டு வியாபார நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னைத் தேடி வருகிறார்கள். ஒருவர் மாவனல்லையில் ரேடியோ, டிவி திருத்துபவர். மற்றவர் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சாமான்களை மொத்தமாக எடுத்து விற்பவர். சில வருடங்களுக்கு முன்னர் பழைய இரும்புக் கணக்கில் போன பெட்டிகளை இப்போது இளைஞர்கள் விசாரித்து வருகிறார்களாம். இருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “நாநா, எத்தனை பிட் உள்ளதைப் பார்த்து எடுக்கணும்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இதே பிட் கணக்கைச் சொல்லி ஒரு நல்ல மனிதரை நான் பிழையாக வழிநடத்தியிருக்கிறேன்.

1988ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மர்ஹூம் மாமாவின் கடையில் நிற்கத் தொடங்கினேன். அன்றைக்குக் கடையில் சோறு போட்டவை இரட்டைக் கெசட் ரேடியோக்களும் வீடியோ டெக்குகளும்தான். சீடி பிளேயர் என்பது கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் சாமான். பார்ப்பவர் நூறு பேர், விலை கேட்பவர் பத்துப் பேர், வாங்குபவர் ஒருவர்.

1989 கடைசியில் அப்படி இரண்டு செட்டுகள் கடையில் இருந்தன. ஒன்று பிலிப்ஸ் சீடி 104. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஒருவர் பாவித்துவிட்டு மாமாவிடம் விற்றது. மற்றது புத்தம் புதிது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பிளாஸ்டிக் உடம்பு, முகப்பில் பொன் நிறத்தில் ‘16 பிட்’ என்ற எழுத்து. பிலிப்ஸுடன் வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்து, அது 14 பிட் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

வெள்ளவத்தையில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனிலிருக்கும் மகன் அனுப்பிய ஒரேயொரு வயலின் சீடியைக் கடதாசியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டு செட்டிலும் போட்டு, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் கேட்டார். பிறகு பிலிப்ஸைக் காட்டி, “இதிலதான் வில் இழுபடுறது கேக்குது” என்றார். நான் விடவில்லை. “ஐயா, இது பாவித்தது. அதோடு 14 பிட். மற்றது 16 பிட். பதினான்கை விடப் பதினாறு கூடத்தானே?” என்றேன். பெரியவர் தயங்கினார். கடைசியில் புதியதைத்தான் வாங்கிச் சென்றார். எனக்கோ முதல் பெரிய வியாபாரம் செய்த சந்தோஷம்.

நான்கு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார். பாட்டு இடையிடையே பாய்கிறது, கடைசிப் பாட்டுகள் ஓடுவதே இல்லை. பிலிப்ஸைத் தரச் சொன்னார். அதை மாமா வேறொருவருக்கு விற்று இரண்டு மாதமாகியிருந்தது. பெரியவர் கோபப்படவில்லை. “தம்பி, என்ட காது சொன்னதைக் கேக்காம உங்கட வாய் சொன்னதைக் கேட்டுட்டன்” என்று மட்டும் சொன்னார். மாமா புதிய செட்டைத் திருப்பி எடுத்து, காசை முழுமையாக எண்ணிக் கொடுத்தார். அந்த மாதம் எனக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் கடைக்குத் திருத்த வேலை செய்த பாஸ் ஒருவர் இருந்தார். அவர்தான் அந்தப் பெட்டியைக் கழற்றி எனக்குக் காட்டினார். அன்று அவர் காட்டியதும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததும்தான் இனி வருவது.

சீடியை ஊசி தொடுவதில்லை, லேசர் ஒளிதான் வாசிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு நுட்பமான வேலை என்பதுதான் தெரியாது. தட்டில் பதிந்திருக்கும் குழிகளின் தடம் உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 1.6 பங்கு. ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் இப்படி முப்பது சுற்றுகளாவது அடங்கும். தட்டு சுழலும்போது மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் ஆடும். அந்த ஆட்டத்துக்கெல்லாம் ஈடுகொடுத்து லென்ஸ் குழியின் பின்னாலேயே ஓட வேண்டும். தட்டின் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. உட்பக்கம் வாசிக்கும்போது நிமிடத்துக்கு 500 சுற்று, வெளிவிளிம்புக்கு வரும்போது 200 சுற்று அளவில் குறைய வேண்டும். அப்போதுதான் லென்ஸுக்குக் கீழே தடம் ஒரே வேகத்தில் போகும்.

இந்த வேலையைச் செய்வது சில்லல்ல, இயந்திரம். அந்தக் காலத்துப் பிலிப்ஸ் செட்டுகளில் லென்ஸ், வார்ப்பு உலோகத் தளத்தில் பொருத்திய ஒரு கையின் நுனியில் இருக்கும். பழைய ரெக்கோர்ட் பிளேயரின் கை போல அது வளைவாக அசையும். பல்சக்கரம் இல்லை, தேய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. நான் விற்ற புதிய செட்டிலோ லென்ஸ் ஒரு பிளாஸ்டிக் தண்டவாளத்தில் பிளாஸ்டிக் பல்சக்கரத்தால் தள்ளப்பட்டது. பாஸ் அந்தச் சக்கரத்தை விரலால் ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது. கடைசிப் பாட்டுகள் ஏன் ஓடவில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, இந்தப் பதினான்கும் பதினாறும் எங்கிருந்து வந்தன? வியாபாரிகளான நமக்கு இது சுவையான பகுதி.

சீடி என்பது ஹொலண்டின் பிலிப்ஸும் ஜப்பானின் சோனியும் சேர்ந்து பெற்ற பிள்ளை. 1979 மார்ச் 8ஆம் திகதி பிலிப்ஸ் தன் ஊரான ஐந்தோவனில் பத்திரிகையாளர்களுக்குச் செய்து காட்டியது. அதே வருடம் இரு கம்பனிகளும் பேசத் தொடங்கி, 1980இல் அளவுகளை முடிவு செய்தன. பிலிப்ஸ் கேட்டது 11.5 சென்டிமீற்றர் தட்டு, 14 பிட். சோனி கேட்டது 16 பிட். முடிவில் 12 சென்டிமீற்றர், 16 பிட், 74 நிமிடம் என்று ஒப்புக்கொண்டார்கள். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுவதும் ஒரு தட்டில் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் 74 நிமிடம் என்று ஒரு கதை உண்டு. பிலிப்ஸின் பொறியியலாளராக இந்த வேலையில் இருந்த கீஸ் இம்மிங்க் பல வருடங்களுக்குப் பின்னர் வேறு விதமாக எழுதினார். பிலிப்ஸின் துணைக் கம்பனியான பொலிகிராம் ஜேர்மனியின் ஹனோவரில் 11.5 சென்டிமீற்றர் தட்டு அடிக்கும் ஆயத்தத்தோடு இருந்ததாம். சோனியிடம் அப்படி எதுவும் இல்லை. அளவு 12 ஆனதும் பொலிகிராமின் முந்துகை போய்விட்டது. சிம்பொனிக் கதையை விட இதுதான் என் மனதுக்கு ஒத்துவருகிறது. அரை சென்டிமீற்றருக்குப் பின்னால் எவ்வளவு வியாபாரம்!

16 பிட் என்று தீர்மானமானதும் பிலிப்ஸுக்கு இக்கட்டு. அவர்கள் ஏற்கெனவே 14 பிட் சில்லை உருவாக்கி வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி எறிவதா? எறியவில்லை. அவர்கள் செய்த வேலையை நமது பாஷையில் சொல்கிறேன்.

சீடியில் ஒலியின் உயரம் ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதப்பட்டிருக்கிறது. 16 பிட் என்றால் 65,536 படிகள் உள்ள அளவுகோல். 14 பிட் என்றால் 16,384 படிகள். அதாவது சில்லறைக் காசு குறைவான கல்லாப்பெட்டி மாதிரி. ஒரு வாடிக்கையாளருக்கு 101 ரூபா கொடுக்க வேண்டும், உங்களிடம் நான்கு ரூபாவுக்குக் குறைந்த நாணயம் இல்லை. 100 கொடுத்துவிட்டு, மீதி ஒரு ரூபாவை மறந்துவிட்டால் அது பிழை. அந்த ஒரு ரூபாவைக் கொப்பியில் எழுதி, அடுத்த கணக்கில் சேர்த்து, அதிலும் மிஞ்சுவதை அதற்கடுத்ததில் சேர்த்துக்கொண்டே போனால் நான்கு கொடுக்கல்களுக்குள் கணக்கு நேராகிவிடும். பிலிப்ஸ் இதைத்தான் செய்தது. ஒவ்வோர் அளவையும் நான்கு மடங்காக்கி, விநாடிக்கு 176,400 ஆக ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் மிஞ்சும் பிழையை அடுத்ததில் சேர்த்தது. 14 பிட் சில்லு, காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் 16 பிட்டுக்கு நிகராக வேலை செய்தது. நான்கு மடங்கு வேகத்தில் இன்னொரு இலாபமும் கிடைத்தது. சில்லிலிருந்து ஒலியோடு வரும் தேவையற்ற குப்பை கேட்கும் எல்லையிலிருந்து வெகு தூரம் போய்விட்டதால், அதை வடிகட்ட ஒரு எளிய வடிகட்டியே போதுமாக இருந்தது.

சோனி நேர் வழியில் போனது. 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி ஜப்பானில் 168,000 யென்னுக்கு வெளியிட்ட சீடிபி-101 செட்டில் உண்மையான 16 பிட் சில்லு இருந்தது. ஆனால் ஒன்றே ஒன்று. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் அது மாறி மாறி வேலை செய்தது. ஒரே தராசில் இரண்டு மூடையை மாற்றி மாற்றி நிறுப்பது போல. இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 11 பங்கு தாமதம். அது கேட்கிறது என்று சொன்னவர்களும் உண்டு, கேட்காது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு. குப்பையை வெட்டுவதற்குச் செங்குத்தான, சிக்கலான வடிகட்டியும் தேவைப்பட்டது.

ஆகவே 1983இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 14 என்று எழுதியதில் இரண்டு சில்லு, 16 என்று எழுதியதில் ஒரு சில்லு. இதை எந்தப் பெட்டியின் முகப்பும் சொல்லவில்லை. நானும் 1989இல் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

ஆனால் வசதிகள் என்று வந்தால் சோனிதான் கடைக்காரனின் செட். தட்டு வைக்கும் தட்டம் மோட்டரில் வெளியே வந்து உள்ளே போகும். எத்தனையாவது பாட்டு, எத்தனை நிமிடம் ஓடியது என்று திரை காட்டும். கதிரையை விட்டு எழும்பாமல் பாட்டை மாற்ற ரிமோட் கூடவே வந்தது. பிலிப்ஸின் முதல் செட்டான சீடி 100இல் இவை ஒன்றும் இல்லை. மேல் மூடியைக் கையால் திறந்து தட்டை வைக்க வேண்டும். நிமிடம் காட்டாது. எந்தப் பாட்டு என்பதை ஒரு வரிசைச் சிறு விளக்குகள் காட்டும், அவ்வளவுதான். சோனியின் 101 என்ற பெயருக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். கணினிக் கணக்கில் 101 என்றால் ஐந்து, அதாவது நடுத்தர வகுப்புச் சாமான். 168,000 யென்னுக்கு நடுத்தரம்!

இரண்டு செட்டுக்கும் பொதுவாக இருந்த, நான் மிகவும் வியக்கும் வசதி ஒன்று உண்டு. அதற்கு முகப்பில் பொத்தான் கிடையாது. தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் ஓடுகிறதே, அதுதான். பத்துக் கடைகளுக்கு அரிசி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு லொறியாக அனுப்பினால், ஒரு லொறி கவிழ்ந்தால் ஒரு கடை முழுக்கக் காலி. ஒவ்வொரு கடையின் மூடைகளையும் பத்து லொறிக்கும் பிரித்து ஏற்றினால், ஒரு லொறி போனாலும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மூடைதான் குறையும். எது குறைந்தது என்று சிட்டையைப் பார்த்து நிரப்பிவிடலாம். சீடியில் ஒலி இப்படித்தான் கலைத்து ஏற்றப்பட்டிருக்கிறது. 24 பங்கு ஒலிக்கு 8 பங்கு சிட்டை கூடவே போகிறது. தடத்தின் நீளத்தில் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான இடம் முழுதாக அழிந்தாலும் செட் அதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். சாதாரணக் கணிப்பானே பெருமையாக இருந்த காலத்தில் வீட்டுச் சாமான் ஒன்றுக்குள் இவ்வளவு கணக்கு!

ஒரு சிறு தகவல். எல்லோரும் சீடியின் பளபளப்பான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். குழிகள் இருப்பது பெயர் அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில். பளபளப்புப் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் மேல் தடித்த பிளாஸ்டிக் காவல் உண்டு. பெயர்ப் பக்கத்தில் ஆழமாகக் கீறினால் எந்தச் சிட்டையும் உதவாது.

பிட் கணக்கு என்னை இரண்டாவது தடவையும் மாட்டிவைத்தது. பெட்டிகளில் 18 பிட், 20 பிட் என்று இலக்கம் ஏறிக்கொண்டே போனது. தட்டில் இருப்பது என்னவோ அதே 16தான். பிறகு திடீரென்று ‘1 பிட்’ என்று பெட்டிகள் வந்திறங்கின. கெசட்டில் ஊறிய பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடை வாசலிலேயே நின்று கேட்டார்: “நீங்கதானே பதினாறு நல்லம்னு சொன்னீங்க. இப்ப ஒண்ணு நல்லமா?” பதில் இல்லாமல் நின்றேன். மாமா உள்ளே சிரித்தது கேட்டது.

உண்மையில் அதுவும் பிலிப்ஸின் பழைய மிச்சக் கணக்கின் பேரப்பிள்ளைதான். நான்கு மடங்குக்குப் பதில் 256 மடங்கு வேகம். விநாடிக்கு ஒரு கோடியே பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல். இவ்வளவு வேகத்தில் ஓடினால் அளவுகோலில் படிகளே தேவையில்லை. திற, மூடு என்ற இரண்டே நிலை போதும். செய்வதும் மலிவு. 16 பிட் சில்லில் ஒவ்வொரு படியும் மிகச் சரியாக அமைய வேண்டும், அதற்குச் செலவு அதிகம். ஒரு பிட் சில்லு சிறிய மலிவுச் செட்டுகளுக்கும் நுழைந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் இதை 1990இல் முதலாம் குறுக்குத் தெருவில் நின்றுகொண்டு எப்படி விளக்குவது?

விலை விழுந்த வேகமும் நம்மவர்கள் தெரிந்திருக்க வேண்டியது. சீடிபி-101 வந்து இரண்டு வருடம் ஆன பொழுது, 1984 நவம்பரில், சோனி டி-50 என்ற கையடக்கச் செட்டை 49,800 யென்னுக்குப் போட்டது. முதல் செட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. ஒரு மரக்கட்டையைக் காட்டி “இந்த அளவுக்குள் செய்யுங்கள்” என்று பொறியியலாளர்களிடம் சொன்னார்களாம். ஆரம்பத்தில் செய்யும் செலவு விற்கும் விலையை விட அதிகம். நட்டத்துக்கு விற்றுச் சந்தையைத் திறந்தார்கள். சோனிக்கு அது கட்டுப்படியாகும். 168,000 யென் செட்டுகளை அடுக்கி வைத்திருந்த சிறு கடைக்காரனை நினைத்துப் பாருங்கள். அந்த டி-50 குலுக்கல் தாங்காது, அதற்கான நினைவகம் 1990களில்தான் வந்தது. பற்றரிப் பெட்டியும் தனி. காலி வீதி பஸ்ஸில் அதைக் கேட்க முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும். பம்பலப்பிட்டியில் தொடங்கிய பாட்டு தெஹிவளை வரை முடியவில்லை.

இனி மாவனல்லை நண்பருக்கும் கொள்கலன் நண்பருக்கும் வருகிறேன். பிட்டைப் பார்க்காதீர்கள். பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்றால் 100 வோல்ட் என்றிருக்கும். நமது 230இல் நேரே செருகினால் புகைதான். செட் இழுப்பது பெரும்பாலும் 20, 30 வொட்தான், ஆகவே 100 வொட் டிரான்ஸ்போமர் ஒன்று தாராளமாகப் போதும். அதன் விலையையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பிறகு தட்டத்தைத் திறந்து மூடுங்கள். முனகினால், பாதியில் நின்றால், ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அது சில்லறைச் செலவு, பயப்பட வேண்டாம். பழைய பிலிப்ஸ் வகைச் செட்டுகளில் சூடானதும் நின்றுவிடும் நோய் உண்டு. பலகையின் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு குழாய் ஆணிகளில் ஈயம் வெடித்திருக்கும். பொறுமையுள்ள பாஸ் ஒருவர் ஒரு பின்னேரம் இருந்து திருப்பி ஈயம் வைத்தால் எழும்பிவிடும். மின்தேக்கிகள் காய்ந்திருந்தால் மாற்றலாம். லேசர் தேய்ந்திருந்தால்தான் சங்கடம். எல்லா மொடலுக்கும் மாற்று கிடைப்பதில்லை, கிடைப்பதிலும் தரம் ஒன்றல்ல. இங்கே ஒரு கள்ள வேலையையும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த லேசருக்கு மின்சாரத்தைக் கூட்டும் ஒரு சிறு திருகு பல செட்டுகளில் உண்டு. அதைத் திருகிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். சில கிழமைகள் அருமையாகப் பாடும், பிறகு ஒரேயடியாக மூச்சு விடும். அந்தத் திருகில் பூச்சு கலைந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மூடியைக் கழற்றுங்கள். லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

செட் பார்க்கப் போகும்போது கடைக்காரர் தரும் சீடியை நம்பாதீர்கள். விளிம்பு வரை நிறைந்த, 70 நிமிடத்துக்கு மேல் உள்ள ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். முதல் பாட்டு எல்லாச் செட்டிலும் ஓடும். கடைசிப் பாட்டைப் போட்டுவிட்டு உட்காருங்கள். அது தடங்கலின்றி முடிந்தால் விலை பேசலாம். பாயத் தொடங்கினால், தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.